திருச்சி – சிங்கப்பூர்: போர்டிங் பாஸின் பின்னால் எழுதிய கணக்கு

2013இல் வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பியபோது, "எவ்வளவு நேரம்பா ஆகும்?" என்று அப்பா கேட்டார். நான்கு மணி நேரம் என்றேன். சொன்னது தப்பில்லை. திருச்சிக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் விமானம் தரையை விட்ட நேரத்தையும் தொட்ட நேரத்தையும் போர்டிங் பாஸின் பின்புறம் குறித்துவருகிறேன். அந்தச் சீட்டுகள் இப்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

அவற்றில் என்னை வியக்கவைத்தது ஆடி மாதக் கணக்கு. ஆடியில் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் தென்னைகள் கிழக்கே சாயும். அப்படியானால் சிங்கப்பூரிலிருந்து மேற்கு நோக்கி வரும் விமானம் எதிர்க்காற்றில் திணற வேண்டும். ஆனால் ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் பயணம்தான் சீக்கிரம் முடிந்திருக்கிறது. போகும் பயணத்தைவிட இருபது நிமிடம் வரை குறைவு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: தென்மேற்குப் பருவத்தில் கீழே மேற்குக் காற்று வீசினாலும், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெரும் காற்றோட்டம் ஓடுகிறது. 1950களில் அதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம்.

ஊருக்கு வரும் டிக்கெட்டில் இரவு 9 மணிக்குக் கிளம்பி 10.30க்கு இறங்குவதாக இருக்கும். ஒன்றரை மணி நேரப் பயணம் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. கார் ஓட்டுநரிடம் எப்போதும் நம்மூர் நேரத்தையே சொல்லுங்கள்.

மனதை வருத்துவது கடைசி நூறு கிலோமீட்டர்தான். வரைபடத்தில் சாங்கியிலிருந்து திருச்சிக்குக் கோடு போட்டால் அது கோடியக்கரைக்கு மேலாகவே கரையேறுகிறது. பகல் விமானத்தில் வலப்பக்க ஜன்னலில் வேதாரண்யம் உப்பளங்கள் கட்டம் கட்டமாக மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அதை அடுத்து வருவது எங்கள் வயல்வெளி. அங்கிருந்து பதினைந்து, இருபது நிமிடத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். 2024 ஜூனில் புதிய முனையம் திறந்த பிறகு வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் அவதியும் குறைந்துவிட்டது. ஆனால் துவாக்குடி, தஞ்சாவூர், மன்னார்குடி என்று வந்த திசையிலேயே காரில் திரும்பி, தாண்டி வந்த ஊருக்கே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிறது.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது திருச்சிக்கு இடம் கிடைக்காமல் சென்னையில் இறங்கினேன். சாங்கியிலிருந்து திருச்சியைவிடச் சென்னை ஐம்பது கிலோமீட்டர் கிட்டத்தில்தான் இருக்கிறது. பறக்கும் நேரம் ஒன்றுதான். ஆனால் சென்னையிலிருந்து சாலையில் எட்டு மணி நேரம் ஆயிற்று. அவசரத்துக்கு வருகிறவர்கள் நான்கு மணி நேரம் வரை காத்திருந்தாலும் திருச்சி விமானத்தையே பிடியுங்கள். வீட்டு வாசலிலிருந்து சாங்கிக்கு வெளியே வரும்வரை பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்த மாதம் அம்மாவை முதன்முறையாக அழைத்துப்போகிறேன். பகல் விமானமாகப் பார்த்து, இடப்பக்கத்தில் இறக்கை மறைக்காத ஜன்னலோர இருக்கையாக எடுத்திருக்கிறேன். கிழக்கே போகும்போது நம் ஊர் அந்தப் பக்கம்தான் வரும்.