பட்டறையா, சைட்டா: தச்சுத் தொழில் பழக எங்கே சேர்வது?

கதவைச் செய்பவரும் அதை நிலையில் மாட்டுபவரும் ஒரே ஆளாக இருப்பது இப்போது குறைந்துவிட்டது. பட்டறையில் ஒருவர் இழைத்து, மூட்டுப் போட்டு, ஒட்டி அனுப்புகிறார். கட்டடத்தில் இன்னொருவர் அதை வாங்கி, சுவருக்குத் தகுந்தபடி சீவிப் பொருத்துகிறார். கூரைச் சட்டம், தரைச் சட்டம் போன்ற பாரம் தாங்கும் வேலைகளும் அவர் பக்கம்தான். ஜெர்மனியில் இவை முற்றிலும் தனித்தனித் தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுப் பயிற்சி உண்டு. பிரிட்டனில் பயிற்சித் திட்டம் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் கட்டடத் தச்சா, பட்டறைத் தச்சா என்று ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்படி எழுத்தில் பிரிக்காத இடங்களிலும், நீங்கள் யாரிடம் சேர்கிறீர்களோ அவருடைய வேலைதான் உங்கள் பாடத்திட்டம். அதனால் சேரும் முன் இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்ப்பிருந்தால் பட்டறையில் தொடங்குங்கள், அப்புறம் சைட்டுக்குப் போங்கள். ஆனால் "பட்டறை" என்று பலகை மாட்டியிருக்கும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறை தருவது என்ன? முதலில், நம்பக்கூடிய ஓர் அடித்தளம். மேசை சமதளமாக இருக்கும், கட்டையின் நான்கு முகமும் இழைத்து மூலைமட்டத்துக்கு நிற்கும். மூட்டில் வெளிச்சம் தெரிந்தால் தவறு உங்களுடையதுதான். சுவர் கோணல், தரை சரிவு என்று பழியைப் போட ஆளில்லை. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வட்ட ரம்பத்தின் அறுப்பே சுமார் 3 மி.மீ. அகலம் தின்றுவிடும். கோட்டுக்குத் தப்பான பக்கம் வைத்தால் சட்டம் அத்தனை குட்டையாகிவிடும். கதவின் நான்கு சட்டங்களில் ஒன்று அப்படிக் குறைந்தாலும் குறுக்களவு இரண்டும் ஒத்துவராது. பட்டறையில் இந்தப் பிழை ஒட்டுவதற்கு முன்பே, பசையில்லாமல் சேர்த்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மரத்தைப் பற்றிய அறிவு. ஈரம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவதோ, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. படித்தால் ஒரு வரி, அவ்வளவுதான். சட்டக் கதவின் நடுப்பலகையைப் பசை தடவாமல் பள்ளத்தில் சும்மா விடுவது ஏன், அகலமான மேசைப் பலகையைத் திருகாணி நகர இடம் விட்டு இறுக்குவது ஏன் என்று கேட்டால் அந்த ஒரு வரிதான் பதில். பசை போட்டு இறுக்கிய பலகை பருவம் மாறியதும் நடுவில் பிளந்து நிற்பதைப் பார்த்தவருக்கு யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கருவியைத் தீட்டுவது. உளியின் சரிவை 25 பாகையில் பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது வழக்கம். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்கிறோம், அதனால்தான் அது சறுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது. மூட்டு வேலையில் உளி நாள் முழுக்கக் கையில் இருப்பதால் தீட்டும் பழக்கம் தானாக வந்துவிடும். சைட்டில் பேட்டரிக் கருவியும் ஆணித் துப்பாக்கியும் பாதி வேலையைச் செய்துவிடுவதால், சாணைக்கல்லை எடுக்கவே பலருக்கு நேரம் வாய்ப்பதில்லை.

பட்டறைக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. முதல் சில மாதங்கள் கூட்டுவது, பலகை அடுக்குவது, உப்புத்தாள் தேய்ப்பது என்றே போகலாம். ஒரே மாதிரி சன்னல் சட்டம் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். தூசி வேறு. மரத்தூளை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கு, சைனஸ் பகுதிப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. மெஷினோடு தூசி உறிஞ்சும் குழாய் இணைக்காத பட்டறை எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, சைட். பட்டறை எத்தனை வருடம் கொடுத்தாலும் தராத ஒன்று இங்கே உண்டு: எதுவுமே நேராக இல்லாத இடத்தில் நேராகத் தெரியும்படி வேலை செய்வது. நிலை ஒரு பக்கம் 4 மி.மீ. சாய்ந்திருக்கும், தரை நடுவில் மேடாக இருக்கும். கதவு மட்டும் சுற்றிலும் 2 அல்லது 3 மி.மீ. சீரான இடைவெளியோடு திறந்து மூட வேண்டும். ரசமட்டத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா என்ற கேள்விக்குச் சில சமயம் கண்தான் சரியான பதில். சாய்ந்த சுவருக்குப் பக்கத்தில் துல்லியமான நேர்க்கோடு கோணலாகத் தெரியும். இந்த முடிவெடுக்கும் திறனை மேசை முன்னால் நின்று கற்க முடியாது.

கணக்கும் பெரிதாகிறது. மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்து, குறுக்கே 5 மீட்டர் வருகிறதா என்று நாடா பிடிப்பார்கள். மாடிப்படி இன்னும் கறார். மொத்த உயரம் 2700 மி.மீ. என்றால் 15 ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம்), ஒவ்வொன்றும் 180. படிக்கு 2 மி.மீ. கூடினால் உச்சியில் 30 மி.மீ. ஏறி நிற்கும். அந்தக் கடைசிப் படியில்தான் கால் தடுக்கும். கூரையின் சாய்வுச் சட்டமான கைமரத்தை, சுவர் உச்சியில் கிடத்திய சட்டத்தின் மேல் உட்கார வைக்கும் வெட்டும் அப்படித்தான். முதல் மரத்தை அச்சாக வைத்து மற்றவற்றை வெட்டுவார்கள், அச்சு பிசகினால் கூரை முழுக்கப் பிசகும்.

அப்படியிருந்தும் தொடக்கத்துக்கு நான் சைட்டைச் சொல்லாததற்குக் காரணம் அவசரம். பின்னால் பூச்சுக்காரர் காத்திருப்பார், அவருக்குப் பின்னால் வண்ணம் பூசுபவர். இடைவெளி விழுந்தால் மேலே ஒரு அலங்காரப் பட்டி அடித்து மூடிவிடலாம், மிச்சத்தை இடுக்கு அடைக்கும் மக்குப் பசை பார்த்துக்கொள்ளும். அனுபவசாலி செய்தால் அது சாமர்த்தியம். முதல் வருடமே அதைப் பழகியவருக்கு, பிழையை மறைப்பதும் திருத்துவதும் ஒன்றாகவே தெரியத் தொடங்கிவிடும். பிறகு அந்தக் கையை மாற்றுவது கஷ்டம். ஏணி, சாரம், மழை, வெயில் என்ற சங்கடங்களை இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன். விழுந்தால் ஆபத்து என்பதால் சாரத்தில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

இப்போது அந்த விதிவிலக்கு. பட்டறை என்ற பெயரில் பல இடங்கள் உண்மையில் பலகைத் தொழிற்சாலைகள். 18 மி.மீ. பிளைவுட் அல்லது துகள்பலகை வரும், கணினி ரம்பம் வெட்டும், ஓரத்துக்குப் பட்டி ஒட்டும், 32 மி.மீ. இடைவெளியில் வரிசைத் துளை போடும், 35 மி.மீ. குழியில் கீல் உட்காரும். சமையலறை அலமாரித் தொழில் மொத்தமும் இதில்தான் ஓடுகிறது, வருமானமும் உண்டு. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிளைவுட் பெரிதாகச் சுருங்காது, அதற்குக் கழுந்தும் துளையும் (ஒரு சட்டத்தின் செதுக்கிய நுனி இன்னொன்றின் குழியில் இறங்கும் மூட்டு) தேவையில்லை. மரம் எப்படி அசைகிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தொடாமலே பயிற்சிக் காலத்தை முடித்துவிடலாம். உங்கள் முன் இருப்பது இதுவும் சைட்டும்தான் என்றால் சைட்டுக்கே போங்கள். அங்கே குறைந்தது கையால் அறுப்பீர்கள், மரத்தின் கோணலோடு மல்லுக்கட்டுவீர்கள்.

முதலில் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டுச் சேரலாமா என்றும் பலர் யோசிக்கிறார்கள். நிலையத்தில் ஒரே மூட்டை வீணாக்கி வீணாக்கிப் போடலாம், யாரும் மரக்காசைக் கேட்க மாட்டார்கள். கழுந்தின் தடிமன் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு ஏன் என்று நிதானமாக விளக்க ஆளிருக்கும். ஆனால் அங்கே செய்த கதவை மாட்டி யாரும் குடியிருக்கப் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாள் வேலை என்ற ஏற்பாடு கிடைத்தால் இந்த வாதத்துக்கே வேலையில்லை, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் குறுகியதாகப் பார்த்து முடித்துவிட்டு வேலைக்கு வாருங்கள்.

சின்ன இடமா, பெரிய இடமா என்பதில் எனக்கு அதிகக் குழப்பமில்லை. மூன்று நான்கு பேர் உள்ள இடத்தில் அளவெடுப்பதிலிருந்து பொருத்துவது வரை எல்லாம் கண்ணில் படும், ஆனால் ஆர்டர் குறைந்தால் முதலில் போவது பயிலுநர்தான். பெரிய இடத்தில் சம்பளம் தேதிக்கு வரும், ஆனால் ஒரே மெஷினில் நட்டுவைத்துவிடும் அபாயம் உண்டு. பல பிரிவுகளில் சுற்றவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தால் பெரிய இடமும் நல்லதுதான்.

சேரும் முன் ஒரு நாள் சும்மா இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அன்று மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். வட்ட ரம்ப மேசையில் பிளேடுக்குப் பின்னால் பிளவுக் கத்தி மாட்டியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் அறுத்த பிளவு மூடி பிளேடைக் கவ்வும், கட்டை திரும்பி உங்கள் மேல் பாயும். ஏற்கெனவே பழகிக்கொண்டிருப்பவர் கையில் உளி இருக்கிறதா, துடைப்பம் மட்டும்தானா? அவர் ஒரு கட்டையைத் தப்பாக அறுத்தால் மூத்தவர் பிடுங்கித் தானே செய்கிறாரா, அல்லது இன்னொரு கட்டையைக் கொடுத்து மறுபடி கோடு போடச் சொல்கிறாரா? இரண்டாவது வகை ஆள் இருக்கும் இடம் பட்டறையானாலும் சைட்டானாலும், நான் மேலே சொன்ன வரிசையை ஒதுக்கிவிட்டு அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.