சூப்பர்மேன் உடை: 1978, 2013, 2025 – தையல் மேசையில் ஓர் அலசல்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். தை, மாசி மாதங்களில் பள்ளி ஆண்டு விழாக்கள் வந்துவிட்டால் ரவிக்கைகளை ஓரம் கட்டிவிட்டு மாறுவேட உடைகளில் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் முதல் இடம் எப்போதும் அப்துல் கலாமுக்குத்தான். அடுத்தது சூப்பர்மேன். இந்த வருடம் மூன்று தாய்மார்கள் ஆளுக்கொரு படத்தைச் செல்போனில் காட்டினார்கள். ஒன்று 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் அணிந்தது. இன்னொன்று 2013இல் ஹென்றி கேவில் அணிந்தது. மூன்றாவது 2025இல் டேவிட் கோரன்ஸ்வெட் அணிந்தது. இரண்டை நானே வெட்டித் தைத்தேன். நடுவில் உள்ளதை அந்த அம்மா இணையத்தில் ஆயத்தமாக வாங்கி, அளவு குறைக்கக் கொண்டு வந்தார். மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்தவள் என்பதால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் கிர்க் ஆலின், அதன் பின் 1952 முதல் 1958 வரை தொலைக்காட்சியில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்தார்கள். கருப்பு வெள்ளைப் படச்சுருளில் நீலமும் சிவப்பும் பிரிந்து தெரியாது என்பதால், ஆரம்பத்தில் அந்த உடையைப் பழுப்பிலும் சாம்பல் நிறத்திலும் தைத்தார்கள். கலருக்கு மாறிய பிறகுதான் நீலமும் சிவப்பும் வந்தன. ஜார்ஜ் ரீவ்ஸின் தோளை எடுப்பாகக் காட்ட உள்ளே திண்டு வைத்தார்கள். திண்டு வைக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1978 உடையை வடிவமைத்தவர் இவோன் பிளேக். இதில் திண்டு கிடையாது. ஒல்லியாக இருந்த கிறிஸ்டோபர் ரீவ், டேவிட் பிரவுஸ் என்பவரிடம் உடற்பயிற்சி எடுத்து உடம்பை ஏற்றிக்கொண்டார். துணி உடம்பின் மேல் படிந்து கிடக்கிறது. கையைத் தூக்கினால் அக்குளில் சுருக்கம் விழுகிறது, இறக்கினால் மறைகிறது. அந்தச் சுருக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். பின்னால் நீலத்தை நீக்கி வானத்தைச் சேர்ப்பதற்காக நீலத் திரைக்கு முன்னால் பறக்கும் காட்சிகளை எடுத்தபோது உடையின் நீலமும் திரையோடு சேர்ந்து மறைந்துவிடும் என்பதால், அவற்றுக்கென்று பச்சை கலந்த நீலத்தில் தனி உடை தைத்தார்கள். ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் மயில் நீலத்துக்கும் ராயல் நீலத்துக்கும் நடுவே அரைமணி நேரம் தடுமாறியபோது, அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிந்தது.

2006 படத்தில் சிவப்பு, உலர்ந்த மிளகாய் வற்றல் நிறத்துக்கு இறங்கிவிட்டது. மார்பில் உள்ள எஸ் எழுத்தும் சிறுத்துவிட்டது. அதைக் கேட்டு என் கடைக்கு யாரும் வந்ததில்லை.

2013 உடை வேறு வகை. மைக்கேல் வில்கின்சனும் ஜேம்ஸ் ஆச்சிசனும் வடிவமைத்தது. சிவப்பு ஜட்டியை எடுத்துவிட்டார்கள். நிறத்தை இருட்டாக்கி, சங்கிலிக் கவசம் போன்ற நெருக்கமான வேலைப்பாட்டை உடல் முழுக்கக் கொண்டுவந்தார்கள். திரையில் பார்க்க அது பிரமாதம் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். அந்த நுணுக்கத்துக்குக் கிட்டே மற்ற இரண்டும் வராது. ஆனால் அது போர்வீரனின் கவசம். அதைப் போட்டவரின் அருகில் போய்க் கையைப் பிடிக்க ஒரு குழந்தைக்குத் தோன்றுமா என்பது சந்தேகம்தான்.

அந்த அம்மா கொண்டு வந்த ஆயத்த உடையில், கவச வேலைப்பாட்டுக்குப் பதிலாக மார்பிலும் வயிற்றிலும் ஸ்பாஞ்சு வைத்துத் தசை செய்திருந்தார்கள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். தை மாதக் காலை, வெயில்கூட ஏறவில்லை. பத்து நிமிடத்தில் பையன் முகம் சிவந்துவிட்டது. முதுகு ஜிப்பை இறக்கினேன். உள்பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கழுத்தில் ஸ்பாஞ்சு ஓரம் அழுத்திய தடம் சிவப்புக் கயிறு மாதிரி இருந்தது. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இதைப் போட்டு மேடை ஓரத்தில் ஒரு மணி நேரம் குழந்தையை நிற்க வைப்பது பாவம். அன்றே தையலைப் பிரித்து, தசை அத்தனையையும் உருவி எடுத்துவிட்டேன்.

ஜட்டியை வெளியே போடுகிறார் என்று இத்தனை வருடமாக எல்லாரும் சிரிக்கிறார்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் 1938இல் படக்கதையாக வெளிவந்தபோது, சர்க்கஸ் பயில்வான்கள் இறுக்கமான உடைக்கு மேல் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். பலசாலி என்பதற்கு அது அடையாளம். இன்றைக்குக் கபடி ஆடும் பையன்களும் இறுக்கமான நீளக் கால்சட்டைக்கு மேல்தான் அரைக்கால்சட்டை போடுகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் பாசி எடுக்க இறங்கும்போது, சேலைக்கு மேல் சட்டை மாட்டி விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் சிரிப்பதில்லை. தைப்பவளாக இன்னொன்றும் சொல்வேன். லைக்ரா துணியில் தொடை சேருமிடத்துத் தையல்தான் முதலில் விடும். ஜட்டி அந்த இடத்தை மூடுகிறது. நெடுநீல உடம்பை இடுப்பில் வெட்டிக் காட்டுகிறது. அது இல்லாத 2013 உடையில் கண் நிற்க இடம் தேடி அலைகிறது.

2025இல் ஜூடியானா மகோவ்ஸ்கி வடிவமைத்த உடையில் ஜட்டி திரும்பி வந்துவிட்டது. வைப்பதா வேண்டாமா என்று இயக்குநர் ஜேம்ஸ் கன் வெகுநாள் குழம்பியிருக்கிறார். குழந்தைகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது என்றுதான் சூப்பர்மேன் நினைப்பார் என்று கோரன்ஸ்வெட் சொன்ன காரணம் அவரை மாற்றியதாம். அந்தக் காரணத்துக்காகவே இந்த உடை எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் மூன்றில் நான் கை காட்டுவது 1978தான். 2025 உடையின் உயர்ந்த காலர் சின்னக் கழுத்தில் தாடையை இடிக்கிறது. உடம்பெங்கும் ஓடும் வெட்டுக்கோடுகள் ஆறு வயது உடம்பில் அடைசலாகத் தெரிகின்றன. பத்து வயதுக்கு மேல் என்றால் 2025ஐத் தாராளமாகத் தைக்கலாம்.

கடைசியாக மேலங்கி. 2013 படத்தில் பல காட்சிகளில் அதைக் கணினியில் வரைந்துவிட்டார்கள். அதனால் நினைத்த பக்கமெல்லாம் அலைகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. சாட்டினில் தைத்து மாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். வாடைக்காற்று அதை அப்படியே தூக்கிப் பையன் முகத்தில் போர்த்திவிட்டது. மறுநாள் கொஞ்சம் கனமான கிரேப் துணியில் வெட்டி, கீழ் மடிப்புக்குள் வலையில் கட்டும் சிறிய ஈயமணிகளை வைத்து, வாயில் போட்டுவிடாதபடி இரட்டைத் தையலாக மூடினேன். கழுத்தில் முடிச்சு வேண்டாம் என்று தோள்களில் வெல்க்ரோ வைத்தேன். ஏழு ஈயமணிகளை வைத்தபோது மேலங்கி முதுகை விட்டு ஒரு சாண் எழும்பி நின்று அலைந்தது. எட்டாவதைச் சேர்த்ததும் படுத்துவிட்டது.