ஓபர்லின், கிரின்னல், நார்த்ஃபீல்ட்: நாலு வருஷம் இருக்க எந்த ஊர்?

அக்கா மகளுக்கு அமெரிக்காவில் மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஓஹையோவில் ஓபர்லின், அயோவாவில் கிரின்னல், மினசோட்டாவில் கார்ல்டன். அத்தான் அன்று ராத்திரியே எக்செல்லில் அட்டவணை போட்டுவிட்டார்: கட்டணம், உதவித்தொகை, ரேங்க், விமான டிக்கெட். அவள் என்னைத் தனியாகப் பிடித்து, "மாமா, ஊரு எப்படி இருக்கும்னு யாருமே பாக்கலையே" என்றாள்.

நியாயமான கேள்வி. பாஸ்டனிலோ சிகாகோவிலோ படித்தால், கல்லூரி அலுத்துப்போனாலும் வெளியே ஒரு நகரம் இருக்கிறது. இந்த மூன்றிலும் அது நடக்காது. ஓபர்லினில் சுமார் 8,500 பேர், கிரின்னலில் 9,500, கார்ல்டன் இருக்கும் நார்த்ஃபீல்டில் 20,000 சொச்சம். கடைத்தெருவைத் தாண்டி கொஞ்ச தூரம் போனால் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஊர் பிடிக்கவில்லை என்றால் போக்கிடம் இல்லை.

பழைய கதையைப் பார்த்தால் மூன்றையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஓபர்லின் 1833, கிரின்னல் 1854, நார்த்ஃபீல்ட் 1855. கிழக்கிலிருந்து மேற்கே போன பக்திமான்கள் காட்டையும் புல்வெளியையும் வாங்கி, நடுவில் சதுக்கம், பக்கத்தில் தேவாலயம், அதை ஒட்டிக் கல்லூரி என்று கோடு போட்டார்கள். அடிமைமுறை கூடாது, சாராயம் கூடாது, எல்லோரும் படிக்கவேண்டும். கிரின்னலில் மனைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள்: இந்த மனையில் சாராயம் விற்றால் மனை திரும்பப் போய்விடும். ஓபர்லினில் 1893-ல் தொடங்கிய சாராயக்கடை எதிர்ப்புச் சங்கம்தான் பின்னால் நாடு முழுக்கப் பரவி, 1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வரக் காரணமான சக்திகளில் ஒன்றானது. இப்போது மூன்று ஊரிலும் பீர் தாராளமாகக் கிடைக்கிறது. அத்தானிடம் இதைச் சொல்லவில்லை.

அச்சு ஒன்றாக இருந்தும் குணம் ஏன் வேறாகப் போனது? என் கணக்கில் ஒரே கேள்விதான்: கல்லூரியைத் தவிர அந்த ஊருக்குச் சோறு போடுவது வேறு யார்?

ஓபர்லினில் பெரிதாக யாரும் இல்லை. அதுதான் அந்த ஊரின் பெருமையும் தலைவலியும். மாணவர்களே மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தெருவில் போகும் மூன்று பேரில் ஒருவர் மாணவர் என்றால், ஊர் எது, கல்லூரி எது என்று பிரிக்கமுடியாது. 1835-ல் கையில் காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது கல்லூரி. அப்போது சின்சினாட்டியில் லேன் செமினரி என்ற இறையியல் பள்ளியில், அடிமைமுறை பற்றிப் பேசவே கூடாது என்று நிர்வாகம் தடுத்ததால் மாணவர்கள் வெளியேறியிருந்தார்கள். அவர்கள் ஓபர்லினுக்கு வரத் தயார். நியூயார்க் வணிகர்களான டப்பன் சகோதரர்கள் பணம் தரவும் தயார். ஆனால் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவேண்டும். அறங்காவலர் குழுவில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. தலைவராக இருந்த ஜான் கீப் தன் ஓட்டைப் போட்டு முடித்துவைத்தார். அந்த ஒரு ஓட்டிலிருந்து கிளைத்ததுதான் அந்த ஊரின் பிற்பாடு வந்த சரித்திரம் முழுக்க.

1837-ல் பெண்களையும் பட்டப்படிப்பில் சேர்த்தார்கள். இதைச் சொல்பவர்கள் மீதியைச் சொல்லமாட்டார்கள். ஆரம்ப காலத்தில் மாணவிகள்தான் மாணவர்களின் துணியைத் துவைத்துப் போடவேண்டியிருந்தது. லூசி ஸ்டோன் 1847-ல் பட்டம் வாங்கியபோது, விழாவுக்குக் கட்டுரை எழுதச் சொன்னார்கள்; ஆனால் மேடையில் அதை ஒரு ஆண்தான் வாசிப்பார். எழுதமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பின்னாளில் பெண் ஓட்டுரிமைக்காக ஊர் ஊராகப் பேசியவர் அவர்தான்.

1858 செப்டம்பர் 13 இன்னும் பெரிய கதை. கென்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் இருந்த ஜான் பிரைஸ் என்ற கறுப்பின இளைஞரை, அடிமை பிடிப்பவர்கள் ஏமாற்றிப் பிடித்து, 15 கிலோமீட்டர் தள்ளி வெலிங்டனுக்குக் கொண்டுபோய் ஒரு ஹோட்டல் மாடியில் அடைத்தார்கள். தெற்கே போகும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். செய்தி கேட்டதும் ஓபர்லின் கிளம்பிவிட்டது: கடைக்காரர், மாணவர், ஆசிரியர், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். கூட்டம் ஹோட்டலுக்குள் புகுந்து அவரை மீட்டுவந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபேர்சைல்ட் வீட்டில் ஒளித்துவைத்து, அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். அன்றைய சட்டம் அடிமை பிடிப்பவர்கள் பக்கம்; 37 பேர் மேல் வழக்கு. அந்தப் பேராசிரியர்தான் பின்னால் கல்லூரியின் தலைவரானார். அரசாங்கச் சட்டத்தை மீறி ஆளை ஒளித்துவைத்தவரைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்த கல்லூரி என்றால், அந்த ஊரின் சுபாவம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

சதுக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1886 பிப்ரவரி 23 அன்று சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற 22 வயதுப் பையன், வீட்டு விறகுக் கொட்டகையில் தானே செய்த பேட்டரியை வைத்து, மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தான். கிடைத்தது சின்னச் சின்ன வெள்ளிநிற உருண்டைகள். அக்கா ஜூலியாவும் வேதியியல் படித்தவர்; கூடவே இருந்து பார்த்தவர். அது வரைக்கும் நகைக்கடைச் சாமான் மாதிரி இருந்த அலுமினியம், இந்த முறை வந்த பிறகு நம் வீட்டு இட்லிப் பானை வரைக்கும் இறங்கியது. ஹால் பெரும்பணக்காரரானார். உயிலில் கல்லூரிக்குச் சொத்தை எழுதும்போது, ஊர் நடுவில் இருந்த கல்லூரிக் கட்டடங்களை எடுத்துவிட்டுத் திறந்த வெளியாக விடவேண்டும் என்று நிபந்தனை போட்டார். இன்று 13 ஏக்கர் புல்தரையாக இருக்கும் டப்பன் சதுக்கம் அப்படி வந்ததுதான்.

அதன் ஓரத்தில் 1903-ல் கட்டிய ஒரு நினைவு வளைவு. 1900-ல் சீனாவில் பாக்ஸர் கலகத்தில் கொல்லப்பட்ட ஓபர்லின் மிஷனரிகளுக்காக. ஷான்சி மாகாணத்தில் தொடங்கிய அந்த உறவு கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பிறகு அறுந்துபோய், வேறு பக்கம் திரும்பியது. அப்படித்தான் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகள் பாடம் நடத்த வந்தார்கள். கோரிப்பாளையம் பக்கம் படித்தவர்கள் சிலருக்கு அந்த இளம் வெள்ளைக்கார வாத்தியார்கள் ஞாபகம் இருக்கலாம்.

சரி, தலைவலிக்கு வருவோம். சதுக்கத்துக்கு எதிரே 1885-லிருந்து நடக்கும் கிப்சன் பேக்கரியில், 2016 நவம்பரில் ஒரு திருட்டுத் தகராறு. மூன்று கறுப்பின மாணவர்கள் கைதானார்கள். இனவெறி என்று மாணவர்கள் மறியல் செய்ய, கல்லூரி அந்தக் கடையில் வாங்குவதை நிறுத்திவைத்தது. கடைக்குடும்பம் அவதூறு வழக்குப் போட்டது. 2019-ல் ஜூரி கடை பக்கம் நின்றது. மேல்முறையீடெல்லாம் முடிந்து 2022-ல் கல்லூரி 3.6 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. யார் சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் ஒற்றைக் கல்லூரியை நம்பியிருக்கும் ஊரில், ரொட்டி வாங்குவதும் வாங்காததும்கூட அரசியலாகிவிடுகிறது. 1858-ல் ஊரைக் கிளப்பிய அதே சுபாவம்தான் இதுவும் என்பது என் அபிப்பிராயம். அப்போது ஊர் முழுக்க ஒரே பக்கம் நின்றது, இப்போது இரண்டாக நின்றது.

கிரின்னலை இந்தச் சூட்டோடு ஒப்பிட்டால் தணிந்த ஊர். "மேற்கே போ தம்பி" என்று பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலி சொன்னதாக ஒரு பிரபலமான வாசகம் உண்டு. அவர் அதைத் தன்னிடம்தான் சொன்னார் என்று ஊரை நிறுவிய ஜோசையா கிரின்னல் சொல்லிக்கொள்வாராம். பாதிரியார், ஆனால் கெட்டிக்காரர். ரயில் எங்கே வரும் என்று கணக்குப் போட்டு நிலம் வாங்கினார். டாவன்போர்ட்டில் 1846-ல் தொடங்கிய கல்லூரியைத் தன் ஊருக்கே இழுத்து வந்தார். 1859-ல் அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன், விடுவித்த அடிமைகளோடு கனடாவுக்குப் போகும் வழியில் இங்கேதான் தங்கினார். 1882 ஜூன் 17 அன்று ஒரு சூறாவளி கல்லூரியையும் பாதி ஊரையும் வாரிக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள். அவர் ஆசைப்பட்ட ரயில் வந்தது, இன்றைக்கும் சரக்கு ரயில் கல்லூரி வளாகத்தை ஊடறுத்துத்தான் போகிறது. பயணிகள் ரயில்தான் நின்றுவிட்டது.

கிரின்னலின் நல்ல கதை ஒரு பன்றிக்குட்டி. 1948-ல் மாணவர் விடுதியில் ஹவாய் பாணி விருந்து. பன்றி வேண்டுமே? பாதிரியார் மகனான ராபர்ட் நாய்ஸ் ஒரு நண்பனோடு ராத்திரி போய், பக்கத்துப் பண்ணையில் ஒரு குட்டியைத் தூக்கிவந்துவிட்டார். மறுநாள் மனசாட்சி உறுத்தி, பணம் கொடுக்கப் போனார். பண்ணை ஊர் மேயருடையது. விவசாய மாநிலத்தில் கால்நடை திருடுவது சாதாரணக் குற்றம் இல்லை. ஜெயில் வரைக்கும் போயிருக்கும். இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் குறுக்கே நின்று ஒரு பருவம் சஸ்பென்ஷனோடு முடித்துவைத்தார். பையன் திரும்பி வந்தபோது கேல் கையில் ஒரு புதுச் சாமான் இருந்தது: டிரான்சிஸ்டர். அதைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகத்தின் தலைவர் ஆலிவர் பக்லி கிரின்னல் பழைய மாணவர். அந்தப் பழக்கத்தில், சோளக்காட்டு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு உலகத்தின் முதல் டிரான்சிஸ்டர்களில் சில வந்துசேர்ந்தன. நாய்ஸ் பிற்பாடு இன்டகிரேட்டட் சர்க்யூட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். 1968-ல் இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவர். கல்லூரி இன்டெல்லில் ஆரம்பத்திலேயே 3 லட்சம் டாலர் போட்டது. அதே காலத்தில் அறங்காவலர் குழுவில் வாரன் பஃபெட்டும் சேர்ந்தார். இன்று கல்லூரியின் முதலீட்டு நிதி 200 கோடி டாலருக்கு மேல்.

ஊர்? ஊர் அப்படியேதான் இருக்கிறது. விதை, உரம், தானியக் கிடங்கு, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க். கடைத்தெரு முனையில் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் 1914-ல் கட்டிய வங்கிக் கட்டடம் மட்டும், செங்கல் பெட்டியின் முகப்பில் பெரிய வட்டப்பூ பதித்த நகைப்பெட்டி மாதிரி நிற்கும். கல்லூரியிடம் பணம் குவிந்திருக்கிறது, ஊருக்கு விவசாயம் இருக்கிறது. அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள். ஓபர்லின் மாதிரிச் சண்டை வராது. அந்த அளவுக்கு ஒட்டுதலும் இல்லை.

நார்த்ஃபீல்டில்தான் சோறு போடுவதற்கு ஆள் நிறைய. கேனன் ஆற்றங்கரையில் மாவு மில்லோடு பிறந்த ஊர். 1866-ல் கார்ல்டன், 1874-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் நார்வேக்காரர்கள் தொடங்கிய செயின்ட் ஓலாஃப். பழைய ஏம்ஸ் மில்லில் 1927 முதல் மால்ட்-ஓ-மீல் கஞ்சி மாவு. காற்று வாகாக அடித்தால் ஊர் முழுக்க வறுத்த தானிய வாசனை. ஊரின் முழக்கமே "பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு". இதில் பசுவுக்கு முதலிடம் கொடுத்திருப்பதை நான் மெச்சுகிறேன்.

இரண்டு கல்லூரிக்கும் போட்டி, ஆனால் அது விளையாட்டாகவே நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் ஜெயித்த கல்லூரியைப் பார்த்தபடி ஊர்ச் சதுக்கத்து நினைவுத்தூணின் கழுகைத் திருப்பிவைப்பது வழக்கம். 1977-ல் அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்ற பேச்சு இருந்தபோது, கெஜத்துக்குப் பதில் மீட்டரில் மைதானம் போட்டு ஒரு ஆட்டமே ஆடினார்கள். செயின்ட் ஓலாஃப் 43-0 என்று ஜெயித்தது. அமெரிக்கா மாறவில்லை.

1876 செப்டம்பர் 7 கதையைச் சொல்லாமல் விடமுடியாது. பேர்போன கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸும் அவன் கூட்டாளிகளான யங்கர் சகோதரர்களுமாக எட்டுப் பேர் ஊர் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தார்கள். காசாளர் பிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போயிருந்ததால், அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜோசப் லீ ஹேவுட். கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும் அவர்தான். பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டில் கடிகாரம் இருக்கிறது, இப்போது திறக்காது என்றார். கத்தியைக் கழுத்தில் வைத்தும் அதையே சொன்னார். சுட்டுக் கொன்றார்கள். பெட்டகம் உண்மையில் பூட்டாமலே இருந்தது என்பார்கள். வெளியே இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் தெருமுனையிலிருந்து சுட, லீவுக்கு வந்திருந்த ஒரு மருத்துவ மாணவர் ஹோட்டல் ஜன்னலிலிருந்து சுட, ஏழே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கொள்ளையர்கள் இரண்டு பேர் தெருவிலேயே விழுந்தார்கள்; தெருவில் நின்ற ஒரு ஸ்வீடன் குடியேறியும் குண்டுபட்டு இறந்தார். போனது 26 டாலர் சொச்சம். இன்றும் வருஷா வருஷம் செப்டம்பரில் குதிரையோடு நடித்துக் காட்டுகிறார்கள். திருவிழாவின் பெயரில் ஜெஸ்ஸி ஜேம்ஸின் "தோல்வி" என்றே இருக்கும். கல்லூரிக் கணக்குப்பிள்ளையைத்தான் கதாநாயகனாக வைத்திருக்கிறார்கள்.

குளிர் என்று பார்த்தால் மூன்றும் மோசம், நார்த்ஃபீல்ட் படுமோசம். ஜனவரியில் மைனஸ் 20-க்குக் கீழே போகும். அவசரத்துக்கு நகரம் வேண்டும் என்றால் ஓபர்லினுக்கு கிளீவ்லாந்தும் நார்த்ஃபீல்டுக்கு மினியாபொலிஸும் ஒரு மணி நேரத்துக்குள். கிரின்னலுக்கு டெ மாய்ன். அதுவும் பெரிய நகரம் என்று சொல்லமுடியாது. சங்கீதம் படிக்கிறவள் என்றால் பேச்சே இல்லாமல் ஓபர்லின். 1865-லிருந்து அங்கே இசைப்பள்ளி நடக்கிறது. இவள் படிக்கப்போவது கணிதம்.

நான் நார்த்ஃபீல்ட் என்றேன். கல்லூரி கசந்தாலும் எதிர்மேட்டில் இன்னொரு கல்லூரி இருக்கிறது, மில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மூச்சுவிட இடம் உண்டு. எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு அவள் கிரின்னலுக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"பன்னி திருடினவனையே திரும்பச் சேத்துக்கிட்ட காலேஜ், மாமா. எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தா என்ன பண்ணிடப் போறாங்க?"

பீர் விஷயத்தோடு இதையும் அத்தானிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.