இரட்டை வயர்லெஸ் மைக் செட்: அறிவித்தலுக்குக் காணும், கூத்துக்குக் காணாது

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சவுண்ட்ஸ் சாமான் விற்கிற கடைகளில் இந்தச் செட் கிடைக்கும். ஒரு ரிசீவர், இரண்டு கைமைக், ஒரு அடப்டர், கால் அங்குல ஜாக் வயர் ஒன்று. பெட்டியில் உள்ள பெயர் கடைக்குக் கடை மாறும். வேலை செய்கிற விதம் அநேகமாக ஒன்றுதான். கோயில் அறிவித்தல், பள்ளிவாசல் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் வாங்கிப் போகிறார்கள். இப்போது கூத்துக்களரிக்கும், அதாவது கூத்து ஆடுகிற களத்துக்கும், வந்துவிட்டது. முதல் மூன்றுக்கும் 5க்கு 4 புள்ளி கொடுக்கலாம். கூத்துக்கு 2 தான். அந்த இரண்டு புள்ளி எங்கே போனது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மொடியுலேஷன் என்ற சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். அறிவிப்பாளருக்கு அது குரலின் ஏற்ற இறக்கம். பாட்டுக்காரருக்கு ஆதார சுருதியை இடம் மாற்றுவது. பௌதிகவியல் வாத்தியாருக்குப் பண்பேற்றம், அதாவது ஒலியை ஒரு வானொலி அலையின் மேல் ஏற்றி அனுப்புவது. இந்த மைக்கில் மூன்றாவது ஒழுங்காக நடந்தால்தான் முதலாவது பிழைக்கும்.

மைக்கிலிருந்து போகிற அலை சும்மா இருக்கும்போது ஒரே மீடிறனில், அதாவது ஒரே அதிர்வெண்ணில், நிற்கும். 650 மெகாஹேட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கதைக்கத் தொடங்கியதும் குரல் அந்த மீடிறனை மேலும் கீழும் தள்ளுகிறது. சத்தம் கூடக் கூடத் தள்ளும் தூரமும் கூடும். ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் தள்ளுகிறது என்பதில் சுருதி இருக்கிறது: 440 ஹேட்ஸ் சுரம் பாடினால் 440 தரம். இதுதான் எஃப்எம், மீடிறன் பண்பேற்றம். எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933இல் காப்புரிமை பெற்ற அகலப்பட்டை முறையின் சின்ன வடிவம். பழைய மத்திய அலை வானொலியில் அலையின் வீச்சத்தைத்தான் கூட்டிக் குறைத்தார்கள். மின்னலும் வீச்சத்தில்தான் கைவைக்கும் என்பதால் கார்த்திகை மார்கழி மழையில் பெட்டி படபடவென்று வெடிக்கும். எஃப்எம்மில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆகவே "வயர்லெஸ்ஸில பாடினா சுருதி விலகுது" என்ற முறைப்பாட்டில் உண்மை இல்லை. சுருதியைக் கெடுக்க இந்த முறைக்கு வழியே இல்லை. கெடுப்பது மிக்ஸரில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட எக்கோ. பாடுகிறவருக்குத் தன் குரலே பிந்திக் கேட்கிறது. அதோடு, களரியில் சுருதி இடம் மாறுவது எல்லா நேரமும் பிழையும் அல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் அரங்கேற்றிய யாழ் நூலில் பாலைத்திரிபை, அதாவது ஒரு பழந்தமிழ்ச் சுரவரிசையிலிருந்து இன்னொன்று பிறப்பதை, விளக்குகிறார் (குரல், துத்தம், கைக்கிளை என்பன முதல் மூன்று சுரங்களின் பழைய பெயர்கள்): செம்பாலையின் துத்தத்தைக் குரலாக வைத்தால் படுமலைப்பாலை, கைக்கிளையைக் குரலாக வைத்தால் செவ்வழிப்பாலை. நரம்புகள் அதே நரம்புகள். தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, முடிந்து அடுத்த பாத்திரம் தன் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் எடுத்தால், மைக்கைக் குறை சொல்லாமல், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரைப் பாருங்கள். அவர் தலையாட்டிக்கொண்டு மத்தளம் வாசித்தால் எல்லாம் சரி.

இந்தச் செட் கெடுப்பது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை. கட்டியக்காரன் வரவு சொல்கிற சத்தத்துக்கும் புலம்பல் விருத்தத்தின் கடைசி அடிக்கும் இடையில் 30, 40 டெசிபல் வித்தியாசம் சாதாரணமாக வரும். இதை அப்படியே அலையில் ஏற்றினால் மெல்லிய பக்கம் இரைச்சலில் மூழ்கும், உரத்த பக்கம் தனக்குரிய அலைவரிசைக்கு வெளியே பாயும். அதனால் மைக்குக்குள் உள்ள சுற்று 40 டெசிபல் வித்தியாசத்தை 20 ஆக அமுக்கி அனுப்பும். ரிசீவர் அதைத் திரும்ப 40 ஆக விரிக்கும். நல்ல செட்டில் அமுக்குவதும் விரிப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். விலை குறைந்ததில் பொருந்தாது. புலம்பலின் கடைசிச் சொல் தேயும்போது பின்னால் "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சு எழும்பி, சொல்லோடு சேர்ந்து அடங்கும். கட்டியத்தின் முதல் எழுத்து அடைபட்டு வெளிவரும். உரத்ததும் மெல்லியதும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் விழும். வாகன இலக்கம் வாசிப்பதற்கு அது நல்லது. கூத்துக்கு அது உப்பில்லாத கறி.

வாங்க முன் கடையிலேயே பார்க்கலாம். மைக்குக்கு ஒரு முழம் தள்ளிச் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். ஒவ்வொரு சாவியும் தனித்தனியே கிணுங்கினால் எடுக்கலாம். மணலைத் தகரத்தில் கொட்டியது போலக் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. அந்தச் சொற்களுக்கு எந்த மைக்கும் நல்ல மைக்தான்.

அடுத்தது உரத்த பக்கம். சில செட்டுகளில் மைக்கின் பற்றரி மூடிக்குள் குரலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கிற சின்ன கெயின் திருகி இருக்கும். ஆட்டக்காரர் தன் உச்சக் குரலில் பாடும்போது ரிசீவரில் ஒலி அளவைக் காட்டும் ஏஎஃப் விளக்கு சிவப்புக்குத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். சிவப்பிலேயே நின்றால் அலை எல்லை தாண்டித் தள்ளப்படுகிறது, ஒலி கிழியும். மிக்ஸரில் குறைத்தாலும் கிழிசல் போகாது, அது மைக்குக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. திருகி இல்லாத மொடலைக் கூத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

கை வைக்கிற இடமும் முக்கியம். இந்த மைக்குகளில் அன்ரனா பெரும்பாலும் வால் பக்கத்தில். வாலைப் பொத்திப் பிடித்தால் அலை கைக்குள்ளேயே தின்னப்படும். தலையின் வலையைப் பொத்தினால் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் குணம் போய்விடும். ஸ்பீக்கர் சத்தம் உள்ளே வந்து மைக் கூவும். நடுவில் பிடிக்க வேண்டும், வாயிலிருந்து நாலு விரல் தள்ளி. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்பதால், ஆடிக்கொண்டே பாடுகிறவரின் கை முன்பின் போகிற ஒவ்வொரு முறையும் பாட்டும் முன்பின் போகும். வடமோடிக் கூத்தின் கரப்புடுப்போடு, அதாவது கரப்புப் போல விரிந்த பாரமான உடுப்போடு, சுழன்று ஆடுகிறவரிடம் கைமைக்கைக் கொடுப்பது அவருக்கும் பாவம், கேட்பவருக்கும் பாவம்.

பெட்டியில் இரண்டு அன்ரனா இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல ரிசீவரில் இரண்டும் ஒரே மைக்கைக் கேட்டு, எது தெளிவோ அதை எடுக்கும். இந்த வகையில் மைக்குக்கு ஒன்று, அவ்வளவுதான். அதனால் களரியில் சில இடங்களில் சத்தம் சட்டென்று அறும். தெறித்து வரும் அலை நேரே வரும் அலையை அழிக்கிற இடங்கள் அவை. 600 மெகாஹேட்ஸில் அலைநீளம் 50 சென்ரிமீற்றர். ஒரு சாண் நகர்ந்தால் திரும்ப வந்துவிடும். அதை ஆட்டக்காரருக்குச் சொல்ல முடியாது. ரிசீவரை நகர்த்துங்கள். மேசைக்குக் கீழே, அம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வைக்காமல், சனத்தின் தலைக்கு மேலான உயரத்தில், களரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். மனித உடம்பு இந்த அலையை நன்றாக உறிஞ்சும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெறும் வயலில் அளந்தது. சனம் நிறைந்த இடத்தில் அதில் மூன்றில் ஒன்றை நம்பினால் போதும்.

மூன்றாவது மைக் வேண்டும் என்று இன்னொரு செட் வாங்குகிறவர்கள் மீடிறனைக் கவனியுங்கள். 650, 652, 654 என்று ஒழுங்காக இடைவெளி விட்டு வைப்பதுதான் வழமையான பிழை. முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து தாங்களாகவே புது அலைகளை உண்டாக்கும்: 652இன் இரு மடங்கில் 650ஐக் கழித்தால் 654. மூன்றாவது மைக்கின் தலையில் நேராக விழுகிறது. இடைப்பண்பேற்றம் என்பது இதுதான். 650, 650.8, 652.4 என்று ஒழுங்கில்லாமல் வைத்தால் இந்த மோதல் வராது. மீடிறன் மாற்ற முடியாத செட் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள்.

பற்றரி: மைக்குக்கு இரண்டு ஏஏ. அல்கலைன் போடுங்கள், மலிவு பற்றரி விடியும்வரை நிற்காது. சாமம் தாண்டியதும், விளக்கு மங்கக் காத்திராமல், இரண்டையும் மாற்றுங்கள். முடிந்ததும் கழற்றி வையுங்கள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் பற்றரிச் சுருள் பச்சை பிடிக்க அதிக நாள் எடுக்காது.

கூத்துக்கு என்னதான் செய்வது? அண்ணாவியாருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் ஸ்டாண்டில் வயர் மைக். 1966இலிருந்து வருகிற ஷூர் எஸ்எம்58 போன்ற ஒன்று போதும். அதில் அமுக்குவதும் இல்லை, விரிப்பதும் இல்லை. மத்தளத்துக்குத் தனி மைக் தேவைப்படாது, அது எப்படியும் எல்லா மைக்குக்குள்ளும் வரும். வயர்லெஸ்ஸை நின்று பாடுகிற விருத்தத்துக்கும் கட்டியத்துக்கும் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. எஃப்எம் ரிசீவர் ஒரே மீடிறனில் இரண்டு அலை வந்தால் பலமானதை மட்டும் பிடித்து மற்றதை விழுங்கிவிடும். திருவிழாக் காலத்தில் பக்கத்துக் கோயிலிலும் இதே செட், இதே மீடிறனில் இருக்கலாம். உங்கள் மைக்கை நிறுத்தினால் ரிசீவரின் அந்தச் சனலையும் மூடுங்கள். இல்லையென்றால் தருமர் சூதாடித் தோற்று நிற்கிற நேரத்தில் உங்கள் ஸ்பீக்கரில் அவர்களின் அன்னதான அறிவித்தல் கேட்கும், அதுவும் மிகத் தெளிவாக.