பெரியம்மாவின் காலும் மலையிறங்கிய ஆம்புலன்ஸும்

இந்த முறை ஊரில் நான் அதிகம் பார்த்தது ஆஸ்பத்திரியைத்தான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மலையில் கொழுந்தெடுக்கும்போது பாதத்தில் குச்சி குத்தியிருக்கிறது. பாதம் மரத்துப்போனவருக்கு அது தெரியவே இல்லை.

வீங்கிய பிறகு டவுனில் தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். குளிசை, பூசுமருந்து, மூன்று நாள் கழித்து வரச்சொல்லி ஒரு துண்டுச்சீட்டு. சீனி எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை கணுக்காலுக்கு மேலே தோல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறி நீர்க்கொப்புளம் போட்டிருந்தது. விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்றது. காய்ச்சலோடு உளறத் தொடங்கியவர், இடையில் தெளிந்து, "இப்ப வலியே இல்லியே தம்பி, எதுக்கு இந்த அமளி?" என்றார். வலி நின்றதுதான் மோசமான அறிகுறி என்று பிறகு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: நரம்பும் சேர்ந்து செத்திருக்கும்.

ஆம்புலன்ஸ் நம்பர் 1990க்கு போன் அடித்தோம். தமிழிலேயே விசாரித்தார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் லயம் வரை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் வரை ஏறாது. பையன்கள் நாலு பேர் கம்பளியில் வைத்துப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள். கிட்டத்து ஆஸ்பத்திரியில் சேலைனும் ஊசியும் ஏற்றி, உடனே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அங்கே சர்ஜரி டாக்டர் சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியது. ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றிரவே ஆபரேஷன் தியேட்டர். கிருமி தசையை மூடிய சவ்வு வழியே ஓடும்போது சின்ன இரத்தக்குழாய்கள் அடைபட்டுவிடும். செத்த சதைக்கு மருந்து போய்ச் சேராது, அதனால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். தலவாக்கலைப் பக்கத்து நர்ஸ் மிஸ் ஒருவர் இதைப் பெரியம்மாவுக்கு விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மறுநாள் திரும்பவும் திறந்து பார்த்து இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். இன்சுலின் சொட்டுச்சொட்டாய் ஏறிக்கொண்டே இருந்தது. கால் தப்பியது. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பில் என்று ஒரு சதம் கேட்கவில்லை. நான் வாழும் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

செலவெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்றைக்குத் துணியும் இல்லை, மருந்து கட்ட ஆளும் இல்லை. டவுனுக்குப் போய்வரத் திரீவீலர்காரர் கேட்பது ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். அக்கா வேலையை விட்டுக் கூடவே போகிறாள். சீனி பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஆனால் மீட்டரைவிட, அதில் இரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் கடிக்கிறது. அதை இங்கிருந்து அனுப்புவதாக ஏற்பாடு.