முதலில் காதுக்கு: பிரெஸ்ஸோனின் 'எ மேன் எஸ்கேப்ட்' ப்ளூ-ரே

வாங்கும் முன் உங்கள் பிளேயர் எந்த ரீஜன் (எந்த நாடுகளின் டிஸ்க்கை ஏற்கும் என்ற பூட்டு: ஏ, பி, சி) என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியன் 2013-இல் வெளியிட்ட இந்த டிஸ்க் ரீஜன் ஏ. கனடா, சிங்கப்பூர், மலேசியா பிளேயர்களில் ஓடும். இந்தியா சி, இங்கிலாந்து பி. அங்கே விற்கும் சாதாரண பிளேயரில் போட்டால் எச்சரிக்கைத் திரையோடு நின்றுவிடும். 'மல்டி ரீஜன்' என்று விற்கப்படும் பல பிளேயர்களில் அந்தச் சலுகை டிவிடிக்கு மட்டும்தான். ப்ளூ-ரேக்கும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

அந்தத் தொல்லைக்குத் தகுந்த டிஸ்க்தான். 1956-இல் வந்த இந்தப் படத்தின் பிரெஞ்சுத் தலைப்பே, மரண தண்டனைக் கைதி தப்பிவிட்டான் என்று சொல்லிவிடுகிறது. 'தப்புவானா' என்ற கேள்வியை இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டார். மிச்சம் 'எப்படி' மட்டும். 1943-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஜெர்மானியர் வசமிருந்த மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய எதிர்ப்பியக்க வீரர் ஆந்த்ரே தெவிஞியின் அனுபவம் இது. பிரெஸ்ஸோனும் போர்க்கைதியாக இருந்தவர். இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்தால் உளி. கதவுப் பலகைகள் ஓக், அவற்றைப் பிணைக்கும் பட்டையோ மென்மரம். உளி இறங்குவது அங்கே. கட்டில் கம்பியும் கிழித்த துணியும் சேர்ந்து முறுக்கினால் கயிறு.

ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்த பிரெஸ்ஸோன், 1943 முதல் 1983 வரை எடுத்த முழுநீளப் படங்கள் 13 மட்டுமே. பிற்காலத்தில் தொழில்முறை நடிகர்களை ஒதுக்கினார். தேர்ந்தெடுத்தவர்களை 'மாடல்' என்றார். நடிப்பு உதிரும்வரை அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பார். இதில் நாயகனாக வரும் பிரான்ஸுவா லெத்தெரியே அப்போது தத்துவ மாணவர். முகம் மரக்கட்டை மாதிரி இருக்கிறதே என்று பத்து நிமிடத்தில் தோன்றும். தோன்றட்டும், கண் கைகளுக்கு இறங்கிவிடும்.

தொடக்கக் காட்சியில் காரிலிருந்து நாயகன் குதித்து ஓடும்போது கேமரா கூடப் போவதில்லை. காலியான இருக்கையருகிலேயே நிற்கிறது. ஓட்டமும் துப்பாக்கியும் காதுக்குத்தான். காவலாளியின் சாவி படிக்கட்டுக் கம்பிகளில் உரசும் ஒலி, கூரைச் சரளையில் காலடி, அதை மறைக்கும் ரயில். டிஸ்க்கில் சுருக்கப்படாத மோனோ (ஒற்றைத் தட) ஒலி இருப்பதால் இவை தனித்தனியாகக் கேட்கின்றன. பலர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். சவுண்ட்பாரில் 'நைட் மோட்' இருந்தால் மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மோனோவைச் சுற்றிலும் பரப்பிக் காட்டும் போலி சரவுண்ட், ஒலியைக் கலைத்துவிடும். இரண்டையும் அணையுங்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கும் வேண்டாம். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், இழுத்து நிரப்பாதீர்கள்.

ஆங்கில சப்டைட்டில் மட்டுமே. பின்னணிக் குரல் அடிக்கடி வருவதால் படிக்கும் வேலை அதிகம். பார்த்து முடித்தபின் முதல் சில நிமிடங்களை எழுத்தில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கூடுதல் பகுதிகளில், 1965-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக எடுத்த பிரெஸ்ஸோன் பேட்டி தவறவிடக் கூடாதது. இந்தப் படத்தின் ஒலியை அலசும் காட்சிக் கட்டுரை மாணவர்களுக்கு உதவும். படத்துக்கு முன்னால் மட்டும் பார்க்காதீர்கள். கடைசியில் வரும் கிறீச்சொலி என்னவென்று அது சொல்லிவிடும்.