நல்ல விளக்கு, சூடேறிய சுவிட்ச்: ஏழாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையின் கணவர் சென்ற வாரம் தொலைபேசியில், "மச்சான், உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பித்தளைக் கால் விளக்கு இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா?" என்று கேட்டார். மார்ச் மாதத்தில் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

விளக்காக அதில் ஒரு குறையும் இல்லை. கண் அறுவைக்குப் பிறகு அம்மா இரவில் படிப்பது அதன் வெளிச்சத்தில்தான். துணிக்கூண்டு ஒளியைக் கண்ணில் அடிக்காமல் பக்கத்தின் மீது மட்டும் இறக்குகிறது, ஏழு ஆண்டுகளில் கால் ஒருமுறைகூட ஆடியதில்லை. என் கோபமெல்லாம் ஒயரின் நடுவே கட்டைவிரல் அளவில் இருக்கும் அந்தச் சுவிட்சின் மீதுதான்.

சித்திரையில் வேலூரில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும் என்பதால், சுவிட்ச் சுடுவதையும் வெயிலின் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். கருகிய வாடை வந்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது. 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எடுப்பது ஏறத்தாழ 0.26 ஆம்பியர் மட்டுமே. 6 ஆம்பியர் தாங்கும் சுவிட்சுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் உள்ளே ஒயர் இணையும் முனை தளர்ந்து 20 ஓம் அளவுக்கு மின்தடை ஏறிவிட்டால், காற்றுப் புகாத அந்தச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் 1.4 வாட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் ஓயாமல் பிறக்கும். 9 வாட் எல்இடி போட்டால் சூடு தணியும், தளர்ந்த முனை தளர்ந்தபடியேதான் இருக்கும்.

பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்கி, ஆறவிட்டுத் திறந்தேன். செம்பு இழைகளுக்கு ஈயம் பூசி, அதன் மேல் ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகும். அப்போது ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துபோகும். இது தொழிற்சாலையில் ஒரு நிமிடக் கவனத்தில் தவிர்த்திருக்கக்கூடியது என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அதைவிடப் பெரிய பிழை, உலோகக் கால் கொண்ட விளக்குக்கு எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பி) இல்லாத இரண்டு கோர் ஒயரும், அதாவது உள்ளே இரண்டே கம்பிகள் கொண்ட ஒயரும், இரண்டு முள் பிளக்கும் கொடுத்திருந்தது. அந்தப் பிளக்கைத் திருப்பிச் செருகினால் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியை விட்டுவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரலைத்தான் சுவிட்ச் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும், பல்பு மாட்டும் ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே சுவிட்சை மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்று முடிவுசெய்து, லாங்கு பஜாரில் 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர், மூன்று முள் பிளக், 250 வோல்ட் 6 ஆம்பியர் என்று அச்சிட்ட சுவிட்ச் ஆகியவற்றை வாங்கி வந்தேன். இழைகளை முறுக்கி, ஈயம் தொடாமல் செம்புக் குழல் முனைகளை நசுக்கிப் பொருத்தினேன். ஃபேஸ் கம்பி மட்டும் சுவிட்சுக்குள் வெட்டுப்படும்படியும், நியூட்ரலும் எர்த்தும் வெட்டாமல் கடந்துபோகும்படியும் வைத்து, எர்த்தைப் பித்தளைக் காலில் போல்ட் போட்டு இறுக்கினேன். ஒயரை இழுத்தால் முனைக்கு விசை போகாதபடி, ஒயரைக் கவ்வும் பிடிப்பை முடுக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். செருகும் முன் மல்டிமீட்டரில் எர்த் முள்ளிலிருந்து கால்வரை தொடர்ச்சி இருப்பதையும், ஃபேஸ் முள்ளுக்கும் காலுக்கும் இடையே தொடர்பு இல்லாததையும் பார்த்துக்கொண்டேன். இப்போது மூன்று மணி நேரம் எரிந்தாலும் சுவிட்ச் சூடேறுவதில்லை.

இவ்வளவையும் மாப்பிள்ளையிடம் சொல்லி, வாங்க வேண்டாம் என்றேன். உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நல்ல விளக்கை ஏன்டா வேண்டாங்கிற?" என்றார். அவர் சொல்வதும் நியாயமே, இந்த வெளிச்சத்துக்கு ஈடாக வேறொன்றை நானும் பார்த்ததில்லை. ஆயினும் அதே ஒயரையும் அதே சுவிட்சையும் வைத்து விற்கும்வரை என் பதில் அதுதான்.